கௌசல்யாவைத் தேடியபோது

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, என் நாவலின் கைப்பிரதியில் 'கௌசல்யா' என்று தட்டித் தேடினேன். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவளுக்கு எத்தனை வயது என்று கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. 71 இடங்கள் என்று காட்டியது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். 14ஆம் அத்தியாயத்தில் ஓர் இடம்கூட இல்லை. அந்த அத்தியாயம் முழுக்க அவள்தான் நடந்து வருகிறாள். பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது.

காரணம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நாவலின் முதல் பாதியை 7 வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். மாற்றியபோது 'கௌ' என்ற ஒரே எழுத்து, 'கெ' தனியாகவும் 'ள' தனியாகவும் விழுந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு ஆட்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், பத்து நிமிடம்கூட ஆகாது.

நான் மாற்றவில்லை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு மண்டலம் அதைத் திறக்கவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நாவலை எழுதத் தொடங்குவது பற்றியும், நடுவில் நின்றுபோவது பற்றியும் நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். எல்லாம் எழுதி முடித்து, பதிப்பாளரும் சரி என்று சொல்லி, அட்டைப்படம் வரை பேசியான பிறகு, கடைசித் திருத்தத்தில் மனசு விட்டுப்போவதைப் பற்றி நான் அதிகம் கேட்டதில்லை. அது வரும் என்று எனக்குத் தெரியாது. வந்தபோது அதைச் சோம்பல் என்றே நினைத்தேன்.

நாவல் கோவை மில் குடும்பம் ஒன்றின் கதை. மூன்று தலைமுறை, 33 அத்தியாயங்கள், ஏ4 தாளில் 412 பக்கங்கள். அப்பா 2016இல் இறந்தார். மறு வருடம் எழுத ஆரம்பித்தேன். பகலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை என்பதால் எழுத்தெல்லாம் காலை நாலரையிலிருந்து ஆறரை வரைதான். அந்த ஐந்தாறு வருடங்களில் அலாரம் வைத்து எழுந்ததாக நினைவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுந்தேன். திருத்தத்தில் அது இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது தடவை படிக்கும்போது வரிகள் கண்ணில் படுவதேயில்லை, கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. எழுதியிருப்பதைப் படிக்கிறோமா, மனப்பாடமாக இருப்பதைச் சொல்லிக்கொள்கிறோமா என்றே தெரியாது.

எடிட்டரிடமிருந்து பிரதி திரும்பி வந்தபோது பக்கத்துக்கு ஆறேழு குறிப்புகள் இருந்தன. பாதிக்கு மேல் ஒற்றுதான். ஒற்றைப் பற்றி அலட்சியமாகப் பேசுகிறவர்கள் என் 6ஆம் அத்தியாயத்தைப் பார்த்திருக்க வேண்டும். மில் கேட்டில் ஒருவன் 'வேலை கேட்டு நின்றான்' என்று எழுதியிருந்தேன். ஏதோ ஒரு சுற்றில் நானே ஒரு க் சேர்த்து அதை 'வேலைக் கேட்டு நின்றான்' என்று ஆக்கியிருக்கிறேன். பஞ்சாலை வாசலில் நிற்கிறவன் முருகனின் வேலைக் கேட்கிறான். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்ற பயத்தில் ஒவ்வொரு சொல்லின் இடுக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் கதை கண்ணிலிருந்து மறைந்துவிடும். வல்லினம் மட்டும் தெரியும்.

அப்புறம் எங்கள் கோவைப் பேச்சு. எடிட்டர் தஞ்சாவூர்ப் பக்கம். கவனமான ஆள், அவர் பிடித்துக் கொடுத்த பிழைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் 'ஒறம்பரை' என்று இருந்த இடங்களில் 'உறவினர்?' என்று கேள்விக்குறி போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு உறவினர் வந்ததே இல்லை, ஒறம்பரைதான் வந்தார்கள். 'நோம்பி', 'பொட்டாட்ட', 'அங்கராக்கு' எல்லாவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பக்க ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக்கொண்டே வந்தேன். நூறு தடவை 'இருக்கட்டும்' என்று எழுதினால், இருக்கத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் தானாக வந்துவிடுகிறது.

இதெல்லாம் அலுப்பு மட்டும்தான். உண்மையில் என்னைச் சாய்த்தது இரண்டு குறிப்புகள்.

முதலாவது, நீலகிரியில் இருக்கிற பைக்காரா நீர்மின் நிலையம். நாவலில் தாத்தா 1929இல் ஊரைவிட்டு ஓடிவந்து, பைக்காரா கரண்ட்டில் மோட்டார் ஓடுகிற மில்லில் சேர்கிறார். எடிட்டர் '1929?' என்று மட்டும் எழுதியிருந்தார். கோவையின் முதல் பஞ்சாலை 1888இலேயே வந்துவிட்டது, அது நீராவியில் ஓடியது. பைக்காரா மின்சாரம் வந்தது 1932இல். அதற்குப் பிறகுதான் ஊரைச் சுற்றி மில்கள் மளமளவென்று முளைத்தன. இது கோவையில் பிறந்த எனக்குத் தெரிந்த விஷயம், தெரிந்தும் எழுதியிருக்கிறேன். சரி, 1933 என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் தாத்தாவுக்கு 17க்குப் பதில் 21 வயதாகிறது. 17 வயதுப் பையன் ஊரைவிட்டு ஓடி வருவதும், 21 வயது ஆள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பி வருவதும் ஒன்றில்லை. 17இல் ஓடலாம். 21இல் ஓட முடியாது, விட்டுவிட்டு வரத்தான் முடியும். அந்த ஒரு எண்ணால் முதல் மூன்று அத்தியாயங்களின் குரலே மாற வேண்டியிருந்தது. அவர் கல்யாணம், முதல் பெண்ணின் பிறப்பு, அவள் மில்லுக்குப் போன வயது என்று வரிசையாக நான்கு நான்கு வருடம் தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்காகத்தான் அன்று கௌசல்யாவைத் தேடினேன்.

இரண்டாவது குறிப்பு அந்த 14ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் இருந்தது. '1974இல் பெண்களுக்கு இரவு ஷிப்ட் உண்டா?'

கௌசல்யாவை என் அத்தையை மனதில் வைத்து எழுதினேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் டிபார்ட்மென்ட்டில் இருந்தவர். இருட்டு ரோட்டில் பயந்து பயந்து நடந்ததைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை வைத்து, ராத்திரி ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்து கௌசல்யா தன்னந்தனியாகச் சிங்காநல்லூர் ரோட்டில் வீடு திரும்புவதை ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 66ஆம் பிரிவு. அன்றைய விதிப்படி பெண்களைக் காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணி வரைக்குள்தான் வேலை வாங்கலாம். மாநில அரசு அந்த நேரத்தைத் தளர்த்தலாம், அப்போதும் இரவு 10 முதல் காலை 5 வரை கூடவே கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு அந்த ரோட்டில் ஒரு ரீலிங் தொழிலாளி நடந்து வர வழியே இல்லை.

இல்லாத ராத்திரியில் அவளை நடக்க வைத்திருக்கிறேன். அதுவும் இந்த நாவலிலேயே நன்றாக வந்திருப்பதாக நான் நம்பிய இடம். அந்தப் பெயரைத் தேடியபோது அங்கே அவள் அகப்படாமல் போனது எழுத்துருக் கோளாறுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று காலை அது என்னவோ செய்தது. அந்த அத்தியாயத்தில் அவள் இல்லவே இல்லை என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் காலையில் எழ முடியவில்லை. அலாரம் வைத்தேன், அணைத்தேன். வீட்டுக்காரர் கேட்டால் தலைவலி என்றேன். பதிப்பாளர் நவம்பர் 15க்குள் பிரதி வேண்டும் என்றிருந்தார், அப்போதுதான் ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வரும். அவர் அழைப்பை எடுக்காமல் விட்டு, 'இந்த வாரம் முடித்துவிடுகிறேன் சார்' என்று செய்தி அனுப்பினேன். இரண்டு முறை. அவை இரண்டும் பொய்.

இந்த ஜனவரி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியின் சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது, தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் பொங்கலும் அதுதான், தீபாவளியும் அதுதான். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களின் புத்தகம் யார் கண்ணிலும் படாது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வருடம் முழுவதற்குமான நாவல்கள் நவம்பர், டிசம்பரில் ஒரே சமயத்தில் மெய்ப்புக்கும் லேஅவுட்டுக்கும் அச்சுக்கும் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏழு வருடம் எழுதிய ஒன்றைக் கடைசி மூன்று வாரத்தில் ஓடி ஓடிப் பார்த்துக் கொடுக்கிறோம். நிறைய நல்ல தமிழ் நாவல்களின் கடைசி நாற்பது பக்கங்கள் அவசரத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் நிலைமையைப் பார்த்து ஒரு தோழி உ.வே.சாமிநாதையரைச் சொன்னாள். 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியில் தொடங்கி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவரும் வரை அவர் கும்பகோணத்துக் கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு ஏடுகளோடு கிடந்தாரே, நீ இப்படிச் சோர்ந்துபோகிறாயே என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அவள் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஓர் ஏடு இருந்தது, சந்தேகம் வந்தால் இன்னோர் ஏட்டைத் தேடிப் போகலாம். இந்த ஏட்டில் இப்படி இருக்கிறது, அந்த ஏட்டில் அப்படி இருக்கிறது, பாடபேதம் என்று குறிக்கலாம். சரியான பாடம் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் உழைக்கலாம். நான் எதோடு ஒப்பிடுவது? என் வாக்கியத்தை என் இன்னொரு வாக்கியத்தோடுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது சுற்றாக.

தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தைக்கு 78 வயது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் படிக்க முடியாது. ஸ்பைரல் பைண்டிங் போட்ட பிரதி என் பையிலேயே கிடந்தது. வட்டாரச் சொற்களை ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன், நாவலைத் திருத்தும் எண்ணமெல்லாம் இல்லை. பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் அத்தைதான், "என்னமோ எளுதறியாமா, படி கேக்கலாம்" என்றார்.

எனக்கு 14ஆம் அத்தியாயத்தைப் படிக்கத் துணிவில்லை. கேட்க மட்டும் செய்தேன். "ராத்திரி பயந்துக்கிட்டே நடந்து வந்தேன்னு சொல்லுவீங்களே அத்தை, அது எந்த ஷிப்டுங்க?"

"வந்தது இல்லையம்மிணி, போனது."

"போனதுங்களா?"

"ஆறு மணிச் சங்குக்கு உள்ள இருக்கோணும். நாலரைக்கே கெளம்போணும். மார்களி மாசத்துல அது அர்த்தராத்திரி மாதிரித்தான் இருக்கும். பொம்பளைகளுக்கு ஏது ராத்திரி ஷிப்டு?"

"தனியா போவீங்களா?"

"தனியா ஆரு போனா? பத்துப் பேரு. ஒரே ஒரு பேட்டரி லைட்டு. அது முன்னால போறவ கையில. கடைசியா வாறவளுக்கு இருட்டுத்தான். அதுக்கே தெனமும் சண்டை வரும், நான் கடைசில வர மாட்டேன், நீ வான்னு."

பத்துப் பெண்கள், ஒரு பேட்டரி லைட். கடைசியில் யார் வருவது என்று சண்டை. 7 வருடமாக நான் அவளைத் தன்னந்தனியாக, காவியத் தலைவி மாதிரி நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த வரிசையின் கடைசியில், முன்னால் போகிறவளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு துணிந்து 31ஆம் அத்தியாயத்தைப் படித்தேன். அது மில் மூடிய நாள். 1996, நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். நாவலில் சுப்பையன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மனைவியிடமும் பிள்ளைகளிடமும் நான்கு பக்கத்துக்குப் பேசுகிறான். மிஷினைப் பற்றி, பஞ்சைப் பற்றி, இத்தனை வருடம் தன் கையிலிருந்து போன நூலைப் பற்றி. கைப்பிரதியைப் படித்த இரண்டு பேர் அந்த இடத்தில் அழுததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை முழுதும் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை பேச்சு உங்கப்பன் எந்தக் காலத்துல பேசுனான்?"

"இது அப்பா இல்லீங்கத்தை, கதை" என்றேன்.

"செரி. கதையோ என்னமோ. அன்னிக்கு வந்தான். தண்ணி வாத்துக்கிட்டான். சோறு தின்னுபோட்டுப் படுத்துட்டான். அடுத்த நாள் காத்தால கேரியரைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான்."

"எங்கீங்க?"

"எங்க போவான்? மில்லுக்குத்தான். கேட்டு பூட்டிக் கெடக்குது. எதுத்தாப்புல புளியமரத்தடியில உக்காந்துக்குவான். மத்தியானம் கேரியரைத் தொறந்து தின்னுபோட்டு, ஷிப்டு முடியற நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துருவான். பதினெட்டு நாளு அப்படிப் போனான். உங்கம்மாளும் ஒண்ணும் கேக்குல. தெனமும் சோறு கட்டிக் குடுத்தா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஆமா" என்றார் அம்மா. "அதுல என்ன கேக்கறது?" அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அன்று இரவு ஸ்பைரல் பிரதியை மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லா அத்தியாயத்திலும் என் சிவப்புப் பேனா அடித்தலும் திருத்தலுமாக ஓடியிருக்கிறது. சில பக்கங்களில் வெள்ளையே தெரியவில்லை. 31ஆம் அத்தியாயம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு ஒற்றுத் திருத்தம்கூட இல்லை. ஒன்பது சுற்றிலும் அந்த இடத்துக்கு வந்தபோதெல்லாம் 'இது சரியாக இருக்கிறது' என்று தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே நான் படிக்கவே இல்லை. பேச்சு முழுதும் அப்பா என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது. அவர் சொல்லவில்லை, அதனால் சுப்பையன் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனசின் ஏதோ ஒரு மூலைக்கு அது பொய் என்று தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் நான் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்தது பெரும்பகுதி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நம்பிக்கை இல்லாத ஒன்றுக்கு ஒற்று போட்டுக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது.

எல்லா அலுப்பும் இப்படி எதையாவது காட்டிக்கொடுக்க வருகிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் களைப்பும் உண்டு. அது இரண்டு நாள் தூங்கினால் போகும், எழுத்துருவை மாற்றி, அச்சுப் புத்தகத்தின் டெமி அளவில் லேஅவுட் போட்டு எடுத்துப் பார்த்தால் போகும். வரி வேறு இடத்தில் உடைவதால் பழகிய வாக்கியம்கூடப் புதிதாகத் தெரியும், பிழைகள் தானாக எழுந்து நிற்கும். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு போவதும் எனக்கு உதவியது. ஆனால் தூங்கி எழுந்தும், தாளை மாற்றியும், கால் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும். தினமும் உட்கார், தினமும் எழுது என்று எல்லோரும் சொல்கிற அறிவுரை முதல் பிரதிக்கு ரொம்பச் சரி. கடைசிப் பிரதிக்கு அது போதவில்லை. தினமும் உட்கார்ந்து ஒன்பது தடவை அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனவள் நான்.

பதிப்பாளரை அழைத்து உண்மையைச் சொன்னேன். இரண்டு அத்தியாயம் திரும்ப எழுத வேண்டும், ஜனவரிக்கு முடியாது என்றேன். அவர் வருத்தப்பட்டார், அட்டைக்குப் பணம் கொடுத்திருந்தார். பிறகு, "சரிம்மா, நல்லா முடிச்சிட்டுக் குடுங்க" என்றார்.

31ஆம் அத்தியாயத்தை ஐந்து காலைகளில் எழுதினேன். அலாரம் வைக்கவில்லை. திண்ணைப் பேச்சு முழுதும் போனது. சுப்பையன் இப்போது அத்தியாயம் முழுக்க மூன்று வாக்கியம்தான் பேசுகிறான், அதில் ஒன்று தண்ணீர் கேட்பது. 14ஆம் அத்தியாயத்தில் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள், ராத்திரி ஒரு மணி போய் மார்கழி விடியல் வந்துவிட்டது. ஒற்றுத் திருத்தம் இன்னும் அதே ஒற்றுத் திருத்தம்தான், அதில் எந்த மகிழ்ச்சியும் திரும்பவில்லை. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோ வைத்துக்கொண்டு, பாத்திரம் துலக்குவது போல, நாளுக்கு 15 பக்கம் என்று பார்க்கிறேன். உடைந்து கிடந்த 'கெளசல்யா'க்களை ஒரே கட்டளையில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் போய் மாற்றினேன். அவள் எங்கெங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

போன வாரம் புது 31ஐ அத்தையிடம் படித்துக் காட்டினேன். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். புளியமரத்தடியில் சுப்பையன் மூன்றடுக்குக் கேரியரைத் திறக்கிற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"மூணடுக்கா? மூணடுக்குல வெக்கறதுக்கு நம்மூட்டுல என்னம்மிணி இருந்துச்சு? ரெண்டுதான். கீள சோறு, மேல தொட்டுக்க."

பையிலிருந்து பேனாவை எடுத்து 'மூன்றடுக்கு' என்பதை அடித்து 'இரண்டடுக்கு' என்று எழுதினேன். நான்கு வரி தள்ளி, ரசம் இருந்த அடுக்கைச் சாயாமல் கீழே வைத்தான் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதையும் அடித்தேன்.

"செரி, படி" என்றார் அத்தை. "தின்னானா?"